சமையலறைக்கு எந்த நிறம்? தீர்மானிக்க வேண்டியவர் யார்?

வீடு கட்டுபவர்களும் கட்டிய வீட்டைத் திருத்துபவர்களும் நிறங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் பேசப்படுவது விறாந்தையும் வரவேற்பறையும்தான். வெளிமதிலுக்கு எது எடுப்பாக இருக்கும், சாமியறைக்கு எது பொருந்தும், வாயிற்கதவுக்கு எதைப் பூசலாம் என்று குடும்பமே கூடி ஆராயும். சமையலறையின் முறை வரும்போது அனைவரும் களைத்துப்போயிருப்பார்கள். "குசினிக்கு மிஞ்சினதை அடிச்சு விடுங்கோ" என்று வர்ணம் பூசுபவரிடம் வீட்டுக்காரர் கூறுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொல்வதானால், பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வீட்டில் அவ்வாறு கூறியவன் நானேதான்.

புலம்பெயர்ந்த நாடுகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே வீட்டின் மிகுந்த செலவுக்குரிய அறை சமையலறை. ஆயினும் அதன் நிறத்தைத் தீர்மானிப்பவர் அங்கு சமைப்பவர்தானா என்று கேட்டால், அதுவும் இல்லை. விற்பனைக்கூடத்தின் வழவழப்பான விளம்பர ஏடும் வீடு விற்பனை முகவரின் ஆலோசனையுமே அதனைத் தீர்மானிக்கின்றன. ஊரில் அசட்டை, வெளிநாட்டில் பகட்டு. இரண்டிலும் அடுப்படியில் நிற்பவரின் விருப்பமும் கண்ணும் கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

இதனை நான் வெறும் ரசனை சார்ந்த விடயமாக எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவில் உள்ள எங்கள் மகளின் வீட்டில் நடந்த ஒரு சம்பவமே என்னை இது குறித்துச் சிந்திக்க வைத்தது.

மகள் அப்போதுதான் சமையலறையைப் புதுப்பித்திருந்தாள். வெள்ளை அலுமாரிகள், வெள்ளைக் கற்பலகை பதித்த மேடை, வெளிறிய சாம்பல் நிறச் சுவர்கள், வெண்மையான தரை. "இந்த நிறம் என்றால் வீட்டை எப்போது விற்றாலும் விலை போகும்" என்று முகவர் கூறியிருந்தாராம். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் எழுபது வயதைக் கடந்த என் மனைவி, அங்கே சமைக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே என்னிடம் தனியாக முறையிட்டார்: "இஞ்சாருங்கோ, உந்த வெள்ளைக் கல்லிலை வெள்ளைச் சோத்தைத் தேடவேண்டிக் கிடக்கு. கல்லு எங்கை முடியுது எண்டே எனக்கு விளங்கேல்லை." நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பிள்ளை ஆசைப்பட்டுச் செய்த வேலையில் குறை காண வேண்டாம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு மாலை வேளையில் சோறு வடிப்பதற்காகப் பானையை இறக்கி மேடையில் வைக்கும்போது விளிம்பைத் தவறாகக் கணித்துவிட்டார். பானையின் பாதி வெளியே நின்றது. அது சரிந்ததில் கொதிக்கும் கஞ்சி அவருடைய முன்கையிலும் பாதத்திலும் கொட்டியது. மூன்று வாரங்கள் கட்டுடன் இருந்தார். கண் வைத்தியர் பரிசோதித்து, இரு கண்களிலும் வெண்புரை ஆரம்பித்திருப்பதாகக் கூறினார். "அம்மாவுக்குக் கண் தெரியேல்லை, அதுதான் காரணம்" என்று மகள் அழுதாள். அது உண்மை. ஆனால் முழு உண்மையன்று. அந்தக் கண் அதே நிலையில் இருந்தபோதுதான் கொழும்பில் எங்கள் வீட்டின் சிவப்புச் சீமெந்து மேடையில் அவர் நாள்தோறும் சோறு வடித்துக்கொண்டிருந்தார். அங்கே விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே தெரியவில்லை.

பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு இது முன்பே விளங்கியிருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் கரிய மை பதிவதனால்தான் எழுத்தை வாசிக்க முடிகிறது. மை வெளிறிப்போன பிரதி அச்சகத்திலிருந்து வந்தால் நாங்கள் சத்தமிடுவோம். பின்னணிக்கும் பொருளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கொண்டே கண் உலகை அறிகிறது. வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளித்து, உள்ளே செல்லும் வெளிச்சம் குறைகிறது. நெருங்கிய நிறங்களைப் பிரித்தறிவது கடினமாகிறது. பிரித்தானியாவில் பொதுக் கட்டடங்களைப் பார்வை குறைந்தோரும் பயன்படுத்தத்தக்கவாறு அமைப்பதற்கான வழிகாட்டல்கள் ஒரு கணக்கையே வகுத்துள்ளன. ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரையான எண்ணால் குறிப்பார்கள். கரியது பூச்சியத்தை நெருங்கும், தூய வெள்ளை நூறை நெருங்கும். அடுத்தடுத்துள்ள இரு பரப்புகளுக்கிடையே, உதாரணமாகச் சுவருக்கும் கதவுக்கும் இடையே, இந்த எண்ணில் 30 அளவிலாவது வேறுபாடு இருக்க வேண்டும் என்பது அவ்வழிகாட்டல்களின் பரிந்துரை. மேலைநாட்டு வர்ண நிறுவனங்கள் பலவும் இந்த எண்ணைத் தமது மாதிரி அட்டைகளிலேயே அச்சிடுகின்றன. பொதுக் கட்டடத்துக்கு வேண்டிய இந்தக் கவனம், கத்தியும் நெருப்பும் கொதிநீரும் புழங்கும் அறைக்கு வேண்டாமா?

நமது பழைய அடுப்படிகளை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். யாழ்ப்பாணத்து வீடுகளில் அடுப்படி பெரும்பாலும் பிரதான வீட்டிலிருந்து சற்று விலகியே இருந்தது. பனைமட்டையும் கொக்கறையும் ஊமலும் பொச்சுமட்டையும் எரிந்த அந்த அறைக்கு யாரும் நிறம் தெரிவு செய்ததில்லை. நிறத்தைப் புகையே தெரிவு செய்தது. தைப்பொங்கலுக்கு முன்னர் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலந்து அடிப்பார்கள். சித்திரை பிறப்பதற்குள் அடுப்புச் சுவர் மீண்டும் கரியேறிவிடும். சுண்ணாம்பு மலிவானது, பூஞ்சணத்தையும் ஓரளவு தடுக்கும். அதில் கலந்த நீலம் மஞ்சளித்த வெள்ளையைத் தூய வெள்ளையாகக் காட்டும். இவையெல்லாம் நம் முன்னோரின் கைப்பக்குவம்.

ஆயினும் அந்த அடுப்படியைப் போற்றிப்பாட நான் தயாராக இல்லை. சிறிய யன்னல், கரிய சுவர், கண்ணைக் கரிக்கும் புகை ஆகியவற்றுக்கிடையே நம் தாய்மார் ஊதுகுழலும் கையுமாக வாழ்ந்தார்கள். அவர்களுடைய கண்ணும் நெஞ்சும் பட்ட பாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை. வெளிச்சமில்லாத கருமை ஒரு துன்பம். எல்லாமே வெளுத்த வெண்மை மற்றொரு துன்பம். முந்தையது வறுமையினால் வந்தது. பிந்தையதைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வெள்ளைச் சமையலறை எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்பது நிலைநாட்டப்பட்டபோது, அழுக்கை மறைக்காத நிறம் என்ற வகையில் மருத்துவமனையின் வெண்மை வீட்டுக் குளியலறைக்கும் சமையலறைக்கும் பரவியது. அதற்கு அன்று நியாயமான காரணம் இருந்தது. 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கென ஒரு சமையலறை வடிவமைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் மார்கரெற்றே ஷுற்றே லிஹொற்ஸ்கி என்ற ஒஸ்ரிய நாட்டுப் பெண் கட்டடக்கலைஞர். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து 1941இல் சிறை சென்று 1945இல் விடுதலையானவர். 2000ஆம் ஆண்டில் 102 வயதில் காலமானார். சமையல் வேலைக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டு, சிறிய இடத்தில் எல்லாமே கைக்கெட்டும் வகையில் அவர் அமைத்த அந்தச் சமையலறை சுமார் 10,000 வீடுகளில் பொருத்தப்பட்டது. அதன் அலுமாரிகளுக்குப் பெரும்பாலும் நீலமும் நீலப்பச்சையும் பூசப்பட்டன. நீலப் பரப்பில் ஈக்கள் அமர்வதில்லை என்ற அக்கால நம்பிக்கையே அதற்குக் காரணம். நம்பிக்கை சரியோ பிழையோ, நிறத்துக்கு ஒரு பயன் இருக்க வேண்டும் என்று அங்கே சிந்தித்திருக்கிறார்கள் என்பதே கவனத்துக்குரியது. அதை வடிவமைத்தவர் அதுவரை தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றிக் கூறியதும் கவனத்துக்குரியதே.

அதன் பின்னர் பயனின் இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் வட அமெரிக்காவில் அடுப்பு முதல் குளிர்சாதனப் பெட்டி வரை பொன்மஞ்சளிலும் வெண்ணெய்ப்பழப் பச்சையிலும் வந்தன. அந்த நிறங்கள் இல்லாத வீடு நாகரிகமற்ற வீடு எனப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அதே நிறங்கள் நகைப்புக்கு இடமாகின. அண்மைக் காலத்தில் வெள்ளையும் சாம்பலும் அந்த அரியணையில் அமர்ந்தன. அவற்றின் காலமும் முடியும். அலுமாரி இருபது ஆண்டு நிற்கும். நாகரிகம் பத்து ஆண்டு நிற்பதே அரிது. "விலை போகும் நிறம்" என்பது விற்கும் நாளில் எந்த நிறம் விரும்பப்படும் என்று ஆரூடம் சொல்வதற்கு ஒப்பானது. வாங்கப்போகும் முகம் தெரியாத ஒருவரின் விருப்பத்துக்காக, அங்கே வாழும் தாயும் மகளும் இருபது ஆண்டுகள் விருந்தாளிகளைப் போல் புழங்க வேண்டுமா?

இனி, நிறம் தெரிவு செய்ய முனைவோருக்கு என் பட்டறிவிலிருந்தும் கேட்டறிந்ததிலிருந்தும் சிலவற்றைக் கூறலாம் என எண்ணுகின்றேன்.

முதலாவது, எளிதில் மாற்ற முடியாதவற்றை முதலில் தெரிவு செய்யுங்கள். தரை, மேடைக் கல், அலுமாரி ஆகியவை பெரும் செலவுக்குரியவை. சுவர் வர்ணம் ஒரு வார இறுதியில் மாற்றக்கூடியது. சுவருக்கு ஏற்பக் கல்லைத் தேடி அலைவது தலைகீழ் வேலை. மேடைக்கும் தரைக்கும் இடையில் தெளிவான வேறுபாடு இருக்கட்டும். அவ்வாறு இருந்தால்தான் விளிம்பு கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நிறத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மிகக் குறுகிய பகல்கூட 11 மணித்தியாலத்துக்கு மேல் நீள்கிறது. ரொறன்ரோவில் மார்கழி மாதத்தில் அது சுமார் 9 மணித்தியாலம்தான். அங்கே வடக்கு நோக்கிய யன்னலுக்கு ஆண்டின் பெரும்பகுதியில் நேர்வெயில் கிடைப்பதில்லை. வருகின்ற வெளிச்சமும் நீலம் பாய்ந்ததாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் சாம்பல் நிறச் சுவர் மழைக்கால வானத்தைப் போல் மனத்தை அழுத்தும். அத்தகைய அறைக்குச் சந்தனம், இளமஞ்சள், தந்தம் போன்ற சூடான நிறங்கள் பொருந்தும். நம் நாட்டிலோ மேற்குப் பார்த்த சமையலறையில் பிற்பகல் வெயில் நேராக விழும். அங்கே தூய வெள்ளை கண்ணைக் கூசச் செய்யும். இளம்பச்சையோ வெளிறிய நீலமோ ஆறுதலாக இருக்கும். ஒரே நிறம் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்பது விளம்பரக்காரரின் வேதம்.

மூன்றாவது, மின்குமிழைக் கவனியுங்கள். இக்காலத்து மின்குமிழ்ப் பெட்டிகளில் 2700, 4000, 6500 என்று கெல்வின் அளவு குறிக்கப்பட்டிருக்கும். முதலாவது பழைய இழைக்குமிழின் மஞ்சள் ஒளி, இறுதியானது நீலம் கலந்த பகலொளி. கடையில் ஒரு ஒளியில் தெரிவு செய்த நிறம் வீட்டில் வேறொரு ஒளியில் முற்றிலும் மாறித் தோன்றும். ஆகவே சிறு அட்டையைப் பார்த்து முடிவெடுக்காமல், இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் வர்ணத்தைப் பூசி, காலையிலும் நண்பகலிலும் இரவு விளக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய் அல்லது சில டொலர் செலவில் பல ஆண்டு வருத்தம் தவிரும்.

நான்காவது, நம்முடைய சமையலை மறவாதீர்கள். விளம்பர ஏட்டின் படத்திலுள்ள சமையலறையில் யாரும் மீன்குழம்பு வைப்பதில்லை. மஞ்சளின் நிறப்பொருள் நுண்துளையுள்ள கல்லிலும் ஓடுகளுக்கிடையிலான சாந்திலும் உடனே ஊறிவிடும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் அது செந்நிறமாக மாறி மேலும் பயமுறுத்தும். வெயில் பட்டால்தான் மெல்ல மெல்ல வெளிறும். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெயும் மிளகாய்த்தூளும் அடுப்புக்குப் பின்னுள்ள சுவரையே குறிவைக்கும். அந்த இடத்தில் கழுவக்கூடிய ஓடும், நடுத்தரமான மண்நிறமோ பச்சையோ இருப்பது நாள்தோறும் துடைக்கும் கைகளுக்கு உதவி. ஓடுகளுக்கிடையே வெள்ளைச் சாந்து வேண்டாம். இதைச் சமைக்காதவர்கள் அறியமாட்டார்கள்.

ஐந்தாவது மிக முக்கியமானது. வர்ணத்தில் ஈயம் இல்லை என்பதை உறுதிப்படுத்துங்கள். ஈயத்தின் கேட்டை எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர்கள் நன்கு அறிவோம். கணினி வருவதற்கு முன்னர் எங்கள் செய்திகளெல்லாம் ஈய எழுத்துகளிலேயே கோக்கப்பட்டன. அச்சுக்கோப்பாளர்கள் கை கழுவாமல் உணவுப் பொதியைத் தொட்டால் மூத்தவர்கள் கண்டிப்பார்கள். அதே ஈயம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எனமல் வர்ணங்களில் நிறப்பொருளாக நீண்ட காலம் கலக்கப்பட்டு வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். அமெரிக்கா 1978இல் வீட்டு வர்ணங்களில் அதைத் தடைசெய்தது. இலங்கையில் 2011இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஈயத்தின் அளவுக்கு எல்லை வகுத்து, 2013ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய வீடு வாங்கியவர்கள் சமையலறைக் கதவு, யன்னல்களில் உரிந்து நிற்கும் பழைய வர்ணத்தை உலர்ந்தபடி மண்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது. அந்தத் தூசி உணவிலும் குழந்தையின் விரலிலும் போய்ச் சேரும். புதிதாக வாங்குவோர் பேணியில் உள்ள குறிப்பை வாசித்து வாங்க வேண்டும். மலிவான, பெயர் தெரியாத எனமலைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள்.

இவையனைத்தையும் விட முதன்மையான விதி ஒன்று உண்டு. அந்த அறையில் அதிக நேரம் நிற்கப்போகிறவர் யார் என்று கேளுங்கள். அவரிடமே முடிவை ஒப்படையுங்கள். ஓர் அலுவலகத்தில் பணியாற்றுபவரின் மேசையையும் விளக்கையும் அவருடைய வசதிக்கேற்ப அமைக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் போராடியதைச் செய்தியாக எழுதியவர்கள் நாங்கள். சம்பளமோ விடுமுறையோ ஓய்வூதியமோ இல்லாத பணியிடம் சமையலறை. அதன் நிறத்தைக்கூட அங்கு பணியாற்றுபவரிடம் கேட்காத நாம், பெண்ணுரிமை பற்றி மேடையில் முழங்குவதில் பொருளில்லை. ஆண்கள் சமைக்கும் வீடுகள் இப்போது பெருகிவருவது மகிழ்ச்சிக்குரியது. அங்கே அவர்களுடைய கண் தீர்மானிக்கட்டும்.

மகளின் வீட்டுக் கதைக்கு வருகிறேன். கற்பலகையைப் பெயர்த்தெடுக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. அது தேவைப்படவுமில்லை. மேடையின் விளிம்பு நெடுகக் கருநீலப் பட்டி ஒன்று ஒட்டப்பட்டது. அடுப்பருகே கரிய மரப்பலகை ஒன்று வைக்கப்பட்டது. வெள்ளைச் சோறு இப்போது அதன் மீதுதான் வடிக்கப்படுகிறது. மேடைக்கு மேலே இரண்டு விளக்குகள் பொருத்தப்பட்டன. எஞ்சியது சுவர் மட்டுமே. "அம்மா, நீங்களே சொல்லுங்கோ, என்ன நிறம் வேணும்?" என்று மகள் கேட்டாள். நீண்ட காலமாகவே ஆயத்தமாக வைத்திருந்தவரைப் போல என் மனைவி உடனே பதில் கூறினார்: "வாழைக்குருத்து நிறம்."

அரை நூற்றாண்டு அவர் சமைத்துத் தந்த உணவை உண்டவன் நான். அவர் மனத்தில் அப்படியொரு நிறம் இருப்பதை அன்றுதான் அறிந்தேன். நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பதே காரணம். கொழும்புக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டுக் குசினிக்கும் வாழைக்குருத்து நிறமே பூசப்பட்டது. இம்முறை மிஞ்சிய வர்ணம் விறாந்தைக்குப் போயிற்று.

உங்கள் வீட்டுச் சமையலறையின் நிறத்தைத் தெரிவு செய்தவர் யார்? இதனை வாசிக்கும் அன்பர்கள் இன்றிரவு உணவுக்கு அமரும்போதாவது, பரிமாறுபவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார்களா?